குளோரோபிளாட்டினிக் ஆசிட்: வாங்குமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

வட சென்னையில் லேப் கெமிக்கல் சப்ளை செய்கிறவனிடம் பிளாட்டினம் உப்பைப் பற்றி வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மணலி ஆலையின் லேபில் இருப்பவர், வியாசர்பாடி கல்லூரி மாணவர், சவுகார்பேட்டை பட்டறைக்காரர், புளியந்தோப்பு ஸ்கிராப் வியாபாரி என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

பிளாட்டினம் எந்த ஆசிட்லயும் கரையாதுன்னு படிச்சோம். அப்புறம் தண்ணியில கரையுற பிளாட்டினம்னா என்ன சார்?

உலோகமாக இருக்கும்வரை நீங்கள் படித்தது சரி. நைட்ரிக் அமிலம் தனியாக ஒன்றும் செய்யாது, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனியாக ஒன்றும் செய்யாது. இரண்டையும் சேர்த்த ராஜ திராவகத்தில் போட்டுச் சூடாக்கினால்தான் மெல்லக் கரையும். நைட்ரிக் அமிலம் உலோகத்திடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. குளோரைடு அந்தப் பிளாட்டினத்தைச் சுற்றி வளைத்துக் கரைசலிலேயே நிறுத்திவிடுகிறது. பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு விட்டு வற்றவைத்து நைட்ரிக்கை முழுக்க விரட்டினால், கடைசியில் செம்மஞ்சள் படிகம் மிஞ்சும். அதுதான் ஹெக்சாகுளோரோபிளாட்டினிக் அமிலம். வியாபாரத்தில் குளோரோபிளாட்டினிக் ஆசிட். தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் சட்டென்று கரையும்.

இதே குடும்பத்தில் பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட், டெட்ராஅமீன் பிளாட்டினம் உப்புகள் என்று வேறு சிலதும் உண்டு. ஆனால் பிளாட்டினம் கரைசல் வேண்டும் என்று யாராவது வந்தால், பத்துக்கு எட்டுப் பேருக்குத் தேவைப்படுவது இந்த ஆசிட்தான். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றியே.

ஒரு கிராம் பாட்டில் வாங்கினா ஒரு கிராம் பிளாட்டினம் வந்துடும்தானே?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். படிகத்தில் ஆறு குளோரின், ஆறு தண்ணீர் மூலக்கூறு, இரண்டு ஹைட்ரஜன் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. கணக்குப்படி அதில் பிளாட்டினம் 37.7%. கொஞ்சம் தண்ணீர் குறைந்த சரக்கு 40% வரை போகும். ஆக ஒரு கிராம் பாட்டிலில் 0.38 கிராம், மிஞ்சினால் 0.40 கிராம் பிளாட்டினம்.

நகைக்கடையில் எடையோடு கேரட்டையும் கேட்கிறோம் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட்டில் 47%, பிளாட்டினம் டெட்ராகுளோரைடில் சுமார் 58%, பொட்டாசியம் ஹெக்சாகுளோரோபிளாட்டினேட்டில் 40%. இரண்டு கடைக்காரர் விலை சொன்னால் பாட்டில் விலையை ஒப்பிடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாட்டினத்துக்குக் கிராம் என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். விலை குறைவாகத் தெரிந்த பாட்டில் சில நேரம் அதிக விலையாக மாறிவிடும்.

இவ்வளவு விலை குடுத்து இதை யார்தான் வாங்குறாங்க?

அதிகம் போவது கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி, செய்பவர்களுக்கு. அலுமினா உருண்டைகளை இந்தக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, சூடாக்கி, கடைசியில் ஹைட்ரஜன் விட்டால் உருண்டைக்குள்ளே பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் படிந்துவிடும். நாஃப்தாவின் ஆக்டேன் எண்ணை உயர்த்தும் ரிஃபார்மர் யூனிட்டில் இருப்பது இதுதான். 1949-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை, இன்று ஏறக்குறைய எல்லாச் சுத்திகரிப்பு ஆலையிலும் உண்டு. 1969-ல் ஓடத் தொடங்கிய நம் மணலி ரிஃபைனரியும் சேர்த்தி. அந்த உருண்டையில் பிளாட்டினம் 0.3% அளவுதான். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரு டன் கேட்டலிஸ்டில் மூன்று கிலோ. சோப்புத்தூளின் மூலப்பொருளான எல்.ஏ.பி. தயாரிப்பிலும் பாரஃபினிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் படியில் பிளாட்டினம் கேட்டலிஸ்ட் வேண்டும். ஒன்று கவனியுங்கள்: மணலி ஆலைகள் இந்த ஆசிட்டைப் பாட்டிலில் வாங்குவதில்லை. செய்து முடித்த கேட்டலிஸ்டாக வாங்குகின்றன.

அடுத்து வாகனப் புகை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்து புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் எண்ணூரில் லாரி செய்பவர்களுக்கும் இது தவிர்க்க முடியாத பாகம். டீசல் வண்டிப் புகையில் பிளாட்டினத்துக்கு வேலை அதிகம். அந்தத் தொழிலில் குளோரைடு மிஞ்சக்கூடாது என்பதால் நைட்ரேட் உப்புகளையும் டெட்ராஅமீன் உப்புகளையும் விரும்புகிறார்கள்.

சிலிக்கான் ரப்பரை இறுக வைப்பது, டைட்டானியம் தகட்டில் பூசி ஆனோடு செய்வது, ஃபியூயல் செல்லுக்கான கார்பன் தூள், மாணவர்களின் சோலார் செல் ப்ராஜெக்ட் என்று மீதி. கடைசியாகச் சொன்னவர்கள்தான் அரை கிராம் கேட்டு வருவார்கள். அவர்களிடமிருந்துதான் கேள்வியும் அதிகம் வரும்.

தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல எதுக்கு பிளாட்டினம்? தண்ணியில பிளாட்டினம் இருக்கா என்ன?

இல்லை, இது நிறத்தை அளக்க. குடிநீர் எவ்வளவு மஞ்சளாக இருக்கிறது என்று சொல்ல ஒரு நிலையான மஞ்சள் வேண்டும். ஆலன் ஹேசன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1892-ல் பிளாட்டினம், கோபால்ட் உப்புகளைக் கலந்து அதை உருவாக்கினார். 1.246 கிராம் பொட்டாசியம் ஹெக்சாகுளோரோபிளாட்டினேட், 1 கிராம் கோபால்ட் குளோரைடு, 100 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் 500 ஹேசன். 1.246 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்றால், அதில் சரியாக அரை கிராம் பிளாட்டினம் இருக்கிறது. ஒரு ஹேசன் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பிளாட்டினம். மேலே சொன்ன 40% கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒத்துவரும்.

நம் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-ன்படி 5 ஹேசன் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 15 வரை விடலாம். மணலியில் கரைப்பான் செய்கிறவர்களும் ஏ.பி.எச்.ஏ. கலர் என்று சரக்குக்கு எழுதுவது இதே அளவைத்தான். இந்த வேலைக்கு உப்பு வாங்கி நீங்களே கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. தயார் நிலையில் 500 ஹேசன் கரைசல் சான்றிதழோடு கிடைக்கிறது. சின்ன லேபுக்கு அதுதான் லாபம்.

சவுகார்பேட்டையில மோதிரத்துக்கு பிளாட்டினம் பாலிஷ் போடுறாங்களே, அது இந்த ஆசிட்தானா?

பெரும்பாலும் அது பிளாட்டினமே இல்லை, ரோடியம். வெள்ளைத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் கண்ணாடி மாதிரி வெள்ளைப் பளபளப்பு தருவது ரோடியம் முலாம். பேச்சு வழக்கில் பிளாட்டினம் பாலிஷ் ஆகிவிட்டது. நிஜமாகவே பிளாட்டினம் முலாம் போடுகிறவர்களும் பொதுவாக இந்த ஆசிட்டை அப்படியே தொட்டியில் ஊற்றுவதில்லை. இதிலிருந்து செய்த டைநைட்ரோ டைஅமீன் உப்பு ஒன்று உண்டு, முலாம்காரர்கள் பி சால்ட் என்பார்கள். அதையே கேளுங்கள்.

பிளாட்டினம் க்யூர் சிலிக்கான் வாங்கி மோல்டு ஊத்தினேன். ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் பிசுபிசுன்னு ஒட்டுது. கேட்டலிஸ்ட் மட்டும் தனியா வாங்கி இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். பணம்தான் வீணாகும். அந்த சிலிக்கானில் பிளாட்டினம் பத்து லட்சத்தில் சில பங்குதான் இருக்கும், அதுவே போதும். 1950-களில் ஸ்பையர் என்ற வேதியியலாளர் இந்த ஆசிட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துக் காட்டியதிலிருந்து வந்த தொழில்நுட்பம் இது. இப்போது கார்ஸ்டெட் கேட்டலிஸ்ட் என்ற திருந்திய வடிவம் அதிகம் ஓடுகிறது.

ஒட்டுகிறது என்றால் எதுவோ பிளாட்டினத்தை முடக்கியிருக்கிறது. கந்தகம், அமீன், வெள்ளீயம் மூன்றும் இதற்கு எதிரி. கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடெக்ஸ் கையுறை, முழுதாக இறுகாத எபாக்சி, அதற்கு முன் அதே கப்பில் கலக்கிய, வெள்ளீயத்தால் இறுகும் டின் க்யூர் சிலிக்கான், இவற்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். கையுறையை நைட்ரைலுக்கு மாற்றுங்கள், புதுக் கப்பு எடுங்கள், மாடலின் ஓரத்தில் கொஞ்சம் ஊற்றிச் சோதித்துவிட்டு முழு மோல்டுக்குப் போங்கள்.

கேன்சர் வார்டுல குடுக்குற சிஸ்பிளாட்டினும் இதுவும் ஒண்ணா?

உறவு உண்டு, ஒன்று அல்ல. சிஸ்பிளாட்டின் செய்வதற்கு மூலப்பொருள் பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட். 1965-ல் பார்னெட் ரோசன்பர்க் பிளாட்டினம் மின்வாய்களை வைத்து பாக்டீரியாவில் சோதனை செய்தபோது செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போனதைக் கண்டார். அந்தத் தடம் 1978-ல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. லேப் பாட்டிலில் இருப்பதற்கும் மருத்துவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இப்படிச் சொல்வதற்குக் காரணம், உறவினருக்காக என்று விசாரித்தவர்களும் இருக்கிறார்கள்.

நைனியப்ப நாயக்கன் தெருவுல கேட்டா கிடைக்குமா?

அங்கே உள்ள கெமிக்கல் கடைகளில் ஆர்டர் எடுத்துக்கொள்வார்கள், அலமாரியில் இருக்காது. அங்கே கேட்டாலும் என்னிடம் கேட்டாலும் சரக்கு வருவது லேப் கெமிக்கல் நிறுவனங்களிடமிருந்தோ, பிளாட்டினத்தையே தொழிலாகச் செய்கிற சுத்திகரிப்பு ஆலைகளிடமிருந்தோதான். ஒரு கிராம், அரை கிராம் என்றால் முதல் வகை. ஐம்பது கிராமுக்கு மேல் என்றால் நவி மும்பையிலும் உதய்ப்பூரிலும் இருக்கிற உலோக நிறுவனங்களிடம் நேரடியாக விலை கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

சீல் இல்லாத பாட்டில், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இல்லாத சான்றிதழ், பாதி விலை என்று யாராவது கொண்டுவந்தால் கை வைக்காதீர்கள். பெர்ரிக் குளோரைடு கரைசலும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது.

நேத்து சொன்ன விலை இன்னைக்கு ஏன் மாறிடுச்சு?

விலைக்கு இரண்டு பகுதி. ஒன்று, பாட்டிலில் உள்ள பிளாட்டினத்துக்கு அன்றைய சர்வதேசச் சந்தை விலை. அது டிராய் அவுன்ஸ் கணக்கில், அதாவது 31.1 கிராமுக்கு, டாலரில் ஓடும். இன்னொன்று செய்கூலி. முதல் பகுதி தினமும் ஆடும், இரண்டாவது ஆடாது. சிறு பாட்டிலில் செய்கூலியின் பங்கு பெரிது; அதனால்தான் ஒரு கிராமாக ஐந்து முறை வாங்குவதைவிட ஐந்து கிராமாக ஒருமுறை வாங்குவது மலிவு. கல்லூரி டெண்டருக்கு மூன்று மாதம் மாறாத விலை கேட்கிறார்கள். கொடுக்கிறவர் அந்த ஆட்டத்துக்கும் சேர்த்து விலை ஏற்றித்தான் கொடுப்பார்.

வெளிநாட்டிலிருந்து நேரா வரவழைச்சா மலிவா இருக்குமே?

சட்டம் அறிந்து செய்யுங்கள். விலைமதிப்புள்ள உலோகங்களின் சேர்மங்கள் சுங்கப் பட்டியலில் 2843 என்ற தலைப்பில் வருகின்றன. தங்கத்தைக் கெமிக்கல் என்ற பெயரில் கொண்டுவரும் வேலையைத் தடுக்க, 2025 ஜூனில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் இந்தத் தலைப்பின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆர்டர் போடுமுன் அன்றைய நிலவரத்தையும் அனுமதி தேவையா என்பதையும் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். சரக்கு வந்து நின்றபின் கேட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டே போகும்.

இது அரிக்கும் பொருள் வகுப்பு 8, ஐ.நா. எண் 2507. சாதாரண கூரியர் பையில் போட்டு அனுப்ப முடியாது.

நம்ம நாட்டுலயே பிளாட்டினம் கிடையாதா?

பாறையில் உண்டு, சுரங்கம் இல்லை. ஒடிசாவில் பவுலா நுவாசாஹி, தமிழ்நாட்டில் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி இரண்டிலும் பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் தடயம் பதிவாகியிருக்கிறது. (சந்திரயான் 2 சோதனைக்கு நிலாமண் போலச் செய்தார்களே, அதே சித்தம்பூண்டிப் பாறைதான்.) உலகில் வெட்டி எடுக்கப்படும் பிளாட்டினத்தில் சுமார் 70% தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. இங்கே புழங்குவது இறக்குமதியும் பழைய கேட்டலிஸ்டிலிருந்து மீட்டதும்தான்.

லேபிள்ல 99.95% போட்டிருக்கு, சான்றிதழ்ல 38.2%னு இருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. 99.95 என்பது தூய்மை: உள்ளே உள்ள உலோகங்களில் பிளாட்டினத்தைத் தவிர மற்றவை எவ்வளவு குறைவு என்பது. 38.2 என்பது பிளாட்டினத்தின் அளவு. நீங்கள் காசு கொடுப்பது இரண்டாவதற்கு. சான்றிதழில் தூய்மை மட்டும் இருந்து அளவு இல்லையென்றால்தான் சண்டை போட வேண்டும்.

எடை போடும்போதே கரைஞ்சு போகுது. எப்படி வச்சுக்கிறது?

காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும் பொருள் இது. திருவொற்றியூர், எண்ணூர் கடற்காற்றில் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு போன் பேசினால் போதும், எடை ஏறிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடை போடும் பழக்கமே வேண்டாம். ஒரு கிராம் பாட்டிலைப் பிரித்ததும் முழுவதையும் லேசாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த தண்ணீரில் கரைத்து, 50 மி.லி. குடுவையில் நிரப்பிவிடுங்கள். பாட்டிலையும் கழுவி ஊற்றுங்கள். சான்றிதழில் 38% என்றால் இப்போது மி.லி.க்கு 7.6 மில்லிகிராம் பிளாட்டினம். 10 கிராம் கார்பனில் 1% ஏற்ற வேண்டும் என்றால் 13 மி.லி.க்குக் கொஞ்சம் கூட எடுத்தால் முடிந்தது.

ஸ்டீல் கரண்டி உள்ளே போகக்கூடாது. இரும்பும் அலுமினியமும் பிளாட்டினத்தைக் கறுப்பாக வெளியே தள்ளிவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மட்டும். நேரடி வெளிச்சமும் வேண்டாம்.

இதுல வேலை செய்ய ஆரம்பிச்சதிலிருந்து மூக்கு ஒழுகுது, ராத்திரி இளைப்பு. ஞாயித்துக்கிழமை சரியாயிடுது. தூசி அலர்ஜிதானே அண்ணே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரித்துப் பேச மாட்டேன். லீவு நாளில் குறைந்து வேலை நாளில் திரும்புகிறது என்றால் அந்த வேலையை இன்றே நிறுத்திவிட்டு நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லியோ ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையோ எங்கே போனாலும், பிளாட்டினம் குளோரைடு உப்பில் வேலை என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஆஸ்துமாவாகவே மருந்து எழுதுவார்கள். குளோரின் பிணைந்த பிளாட்டினம் உப்புகள் தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்போனவை. 1911-லேயே சிகாகோவில் பிளாட்டினம் உப்பு தடவிய தாளில் வேலை செய்த போட்டோ ஸ்டுடியோ தொழிலாளிகளிடம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் அப்புறம் மிகச் சிறு அளவே போதும். காற்றில் அனுமதிக்கப்படும் எல்லை ஒரு கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம் பிளாட்டினம். பத்துக்குப் பத்து மீட்டர், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஷெட் முழுக்க ஒரே ஒரு மில்லிகிராம் பரவினால் அந்த எல்லை வந்துவிடும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உலோகப் பிளாட்டினத்துக்கு இந்தக் குணம் இல்லை, டெட்ராஅமீன் உப்புகளுக்கும் அநேகமாக இல்லை. கெமிஸ்ட்ரி இடம் கொடுத்தால் அவற்றுக்கு மாறுவது நல்ல யோசனை.

தூளாக இருக்கும் நேரம்தான் மோசமான நேரம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் திறங்கள், கரைசலாக்கிவிட்டே வெளியே எடுங்கள். சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணியை எறியாதீர்கள், அதிலும் பிளாட்டினம் இருக்கிறது. சாதாரண மாஸ்க் போட்டேன் என்பது பதில் ஆகாது.

புதுப்பேட்டையில பழைய கன்வர்ட்டர் கிடைக்குது. வீட்டு மொட்டை மாடியில ராஜ திராவகம் வச்சு நாமளே எடுத்தா என்ன?

வீடியோவில் சுலபமாகத்தான் தெரியும். ராஜ திராவகம் கொதிக்கும்போது வரும் பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அடுத்த படியில் அம்மோனியம் குளோரைடு போட்டால் மஞ்சள் பொடி விழும். அம்மோனியம் ஹெக்சாகுளோரோபிளாட்டினேட். போன பதிலில் சொன்ன நோய்க்கு முதல் குற்றவாளிகளில் ஒன்று அது. அதை உலர்த்தி, வறுத்து, மொட்டை மாடிக் காற்றில் விடப்போகிறீர்கள்.

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? பெட்ரோல் கார் கன்வர்ட்டர் பலவற்றில் பிளாட்டினத்தைவிடப் பல்லேடியம்தான் அதிகம். சுத்திகரிப்பு ஆலை பொடியாக்கி, மாதிரி எடுத்து, பரிசோதித்து அதற்குரிய விலை கொடுக்கும். காயலான் கடை எடைக்குக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடமே கொடுங்கள்.

கழுவின தண்ணி, ஃபில்டர் பேப்பர் எல்லாம் சிங்க்ல போகுது. கொஞ்சம்தானே?

அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நீங்கள் விலை கொடுத்தீர்கள். "பிளாட்டினம் கழிவு" என்று எழுதி ஒரு கேனும் ஒரு வாய் அகன்ற பாட்டிலும் வையுங்கள். கேனில் தண்ணீர், பாட்டிலில் பேப்பர், துணி, கையுறை. எத்தனை முறை கழுவ வேண்டும் என்று சந்தேகம் வந்தால், கழுவிய தண்ணீரில் ஒரு துளி ஸ்டானஸ் குளோரைடு கரைசல் விடுங்கள். மஞ்சளோ சிவப்போ வந்தால் இன்னும் பிளாட்டினம் இருக்கிறது.

மீட்கும் ஆலைகள் மிகச் சிறு அளவை எடுக்காது. லாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. கல்லூரித் துறைகள் இரண்டு மூன்று சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் கட்டுப்படியாகும். ஒரு எச்சரிக்கை: துத்தநாகம் போட்டுக் கறுப்புப் பொடியாக இறக்கி வைப்பவர்கள் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். உலர்ந்த பிளாட்டினம் கறுப்போடு ஆல்கஹால் ஆவி சேர்ந்தால் தானே பற்றிக்கொள்ளும்.

கணக்குப் போட்டு 1% ஏத்தினேன், ஐ.சி.பி. ரிப்போர்ட்ல 0.7% தான் வந்திருக்கு. சரக்குல கோளாறா?

ஐ.சி.பி. என்பது மாதிரியைக் கரைத்து அதிலுள்ள உலோக அளவைக் காணும் சோதனை. சரக்கைக் குறை சொல்லுமுன் நான்கு இடம் பாருங்கள். முதலில் கணக்கு: 40% என்று எடுத்தீர்களா, சான்றிதழில் இருந்ததை எடுத்தீர்களா? அதில் மட்டும் 5-6% போய்விடும். பாட்டிலிலிருந்து நேராக எடை போட்டிருந்தால் ஈரத்தால் இன்னும் கொஞ்சம். மூன்றாவது, வடித்த தண்ணீர் மஞ்சளாக இருந்ததா? அப்படியென்றால் பிளாட்டினம் கார்பனில் ஏறவே இல்லை, கேனில் கிடக்கிறது.

நான்காவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஐ.சி.பி.க்கு மாதிரியை எதில் கரைத்தார்கள் என்று கேளுங்கள். மற்ற உலோகங்களுக்குச் செய்வதுபோல நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கொதிக்க வைத்திருந்தால், முதல் கேள்வியின் பதில்தான் இங்கேயும்: பிளாட்டினம் கரையாது, கரைந்த அளவே ரிப்போர்ட்டில் வரும். கார்பனை முதலில் எரித்துச் சாம்பலாக்கி, மிஞ்சியதை ராஜ திராவகத்தில் கரைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 0.7 என்றால் லாட் எண்ணோடு வாருங்கள், சப்ளையரிடம் பேசுவோம்.